எஞ்சின் தடம் புரள்கிறதா? எந்தச் சக்கரம் முதலில் ஏறுகிறது என்று பாருங்கள்

மாடல் எஞ்சின் தடம் புரண்டதும் கை தானாகப் போய் அதைத் தூக்கித் தண்டவாளத்தில் நிறுத்திவிடுகிறது. அந்த நொடியிலேயே தடயம் அழிந்துவிடுகிறது. நான்கு சக்கரமும் ஸ்லீப்பர் கட்டைமேல் கிடக்கும்போது பார்த்தால் எது முதலில் இறங்கியது என்று சொல்ல முடியாது. ஒன்று இறங்கியிருக்கும், மற்றவை அதன் பின்னால் போயிருக்கும். நமக்கு வேண்டியது அந்த ஒன்று.

ஆறு அச்சு டீசல் எஞ்சின் ஒன்றை மூன்று வாரம் பிரித்துப் பிரித்து மாட்டியவன் நான். போகியின் (எஞ்சினின் அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டத்தின்) திருகைத் தளர்த்தினேன், எடை சேர்த்தேன், சக்கரங்களை அச்சில் நகர்த்தினேன். கடைசியில் பார்த்தால், தடம் இரண்டாகப் பிரியும் இடமான பாயிண்ட்டில், நகரும் தண்டவாளமான நாக்குக்குப் பின்னால் பசையோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ஜல்லித் துணுக்குதான் காரணம். அதை எடுத்த பிறகும் நிம்மதி இல்லை. சரியாக இருந்த சக்கர இடைவெளியை நானே கெடுத்து வைத்திருந்ததால், அதுவரை ஒழுங்காகத் தாண்டிய பாயிண்ட்களிலும் எஞ்சின் இறங்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து, முதலில் ஏறிய சக்கரம் எது என்று கண்ணால் காணும்வரை திருப்புளியைத் தொடுவதில்லை.

கைவைக்கும் முன்

எஞ்சினைத் தவழும் வேகத்தில் ஓட்டுங்கள். செல்போனைத் தண்டவாளத்தின் மட்டத்துக்குத் தாழ்த்தி வைத்து ஸ்லோமோஷனில் பதிவுசெய்யுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: சக்கரம் விழுந்த இடம் வேறு, ஏறிய இடம் வேறு. சக்கரத்தின் உட்பக்கம் புடைத்து நிற்கும் விளிம்பு தண்டவாளத்தின் தலைமேல் ஏறியபின் கொஞ்ச தூரம் அப்படியே உருண்டு போய்த்தான் கீழே விழும். கோளாறு விழுந்த இடத்தில் இருக்காது, அதற்கு முன்னால் இருக்கும்.

இடம் தெரிந்ததும் சாக்பீஸால் குறியிட்டுவிட்டு மூன்று விதமாக மாற்றி ஓட்டுங்கள். அதே எஞ்சினை ரிவர்ஸில். பிறகு எஞ்சினையே தூக்கி முன்பின்னாகத் திருப்பி வைத்து. பிறகு வேறொரு எஞ்சின். எல்லா எஞ்சினும் ஒரே இடத்தில் இறங்கினால் தடத்தில் கோளாறு. ஒரே எஞ்சின் கண்ட இடத்தில் எல்லாம் இறங்கினால் எஞ்சினில் கோளாறு. ஒரே எஞ்சின் ஒரே இடத்தில் மட்டும் இறங்கினால் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் குறை இருக்கிறது. மற்ற எஞ்சின்கள் தாங்கிக்கொள்ளும் தடக்குறையை இதனால் தாங்க முடியவில்லை. இந்த மூன்றாவது வகையில்தான் அவசரப்பட்டு எஞ்சினைக் குறைசொல்கிறோம். தடத்தையே முதலில் திருத்துங்கள். தடம் சரியானால் இனி வாங்கப்போகும் எஞ்சினுக்கும் அது உதவும்.

திருப்பி வைத்து ஓட்டும் சோதனையை விட்டுவிடாதீர்கள். திருப்பி வைத்த பிறகும் அதே போகி இறங்கினால் குறை அந்தப் போகியில். எந்தப் போகி முன்னால் போனாலும் அது இறங்குகிறது என்றால் தடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி: எல்லா எஞ்சினும் ஒரே இடத்தில் இறங்குகின்றன

கண்ணை நம்புவதற்கு முன் விரலை நம்புங்கள். கரன்ட்டை நிறுத்திவிட்டு ஆள்காட்டி விரலைத் தண்டவாளத்தின் தலைமேல் மெதுவாக ஓட்டுங்கள். பிறகு அதன் உள்விளிம்பில், சக்கர விளிம்பு உரசும் பக்கத்தில் ஓட்டுங்கள். இணைப்பில் நகம் தட்டினால் அங்கே சக்கரமும் தட்டும். பெரும்பாலும் ஒரு பக்கத் தண்டவாளம் ஜாயினருக்குள் (இரண்டு முனைகளையும் சேர்க்கும் சின்ன உலோகத் தகடு) நுழையாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். கழற்றி மறுபடி மாட்ட வேண்டியதுதான், வேறு வழியில்லை. தட்டுவது மிகச் சிறிதாக இருந்தால் தண்டவாள முனையின் உள்மூலையை ஊசி அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துச் சரிவாக்கினால் போதும்.

அடுத்து கேஜ். எச்ஓ அளவில், அதாவது அசலில் 87இல் ஒரு பங்கான மாடலில், இரண்டு தண்டவாளங்களின் உட்புறத்துக்கும் நடுவே 16.5 மி.மீ. இருக்க வேண்டும். அசல் ரயிலின் ஸ்டாண்டர்ட் கேஜான 1435 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் வரும் கணக்கு இது. அதைவிடச் சிறிய ‘என்’ ஸ்கேலில் 9 மி.மீ. வெர்னியர் காலிப்பரால் அளக்கலாம். ஆனால் அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் கேஜ் தகடு இன்னும் வசதி. தடத்தின் அகலம், சக்கரங்களின் இடைவெளி, பாயிண்ட்டின் பள்ளங்கள் என எல்லாவற்றையும் அந்த ஒரே தகட்டின் வெட்டுகளால் சோதித்துவிடலாம். நீங்கள் ஓட்டும் ஸ்கேலுக்கு உரியதை வாங்குங்கள்.

கேஜும் இணைப்பும் சரி, இருந்தும் இறங்குகிறது என்றால் தடத்தின் முறுக்கலைச் சந்தேகியுங்கள். ஒரு தண்டவாளம் மட்டும் அரை மி.மீ. தாழ்ந்திருந்தால் அது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். எச்ஓவில் அரை மி.மீ. என்றால் அசல் ரயிலில் 43 மி.மீ. அசல் எஞ்சினுக்கு ஒவ்வொரு அச்சுக்கும் ஸ்பிரிங் உண்டு. நம்முடைய பெரும்பாலான மாடல்களுக்கு அது கிடையாது. நாலு கால் மேசை மேடு பள்ளமான தரையில் ஆடுவதைப்போல ஒரு சக்கரம் காற்றில் தொங்கும், அதன் விளிம்பு ஏறுவதற்கு வளைவு ஒன்று வந்தால் போதும். குறுக்கே ஒரு சிறிய ரசமட்டத்தை வைத்து, சந்தேகப்படும் இடத்துக்கு ஒரு எஞ்சின் நீளம் முன்னாலிருந்து பின்னால்வரை நகர்த்திப் பாருங்கள். குமிழி ஒரே பக்கம் சாய்ந்தே இருந்தால் கெடுதல் இல்லை. நகர நகர இடம் மாறினால் அதுதான் முறுக்கல். தாழ்ந்த பக்கத்து ஸ்லீப்பர்களுக்கு அடியில் மெல்லிய அட்டைத் துண்டுகளைச் செருகி உயர்த்துங்கள். தண்டவாளத்தை மேலிருந்து ஆணியடித்து இறக்குவது வேண்டாம். ஆணி அதிகம் இறங்கினால் ஸ்லீப்பர் நடுவில் வளைந்து கேஜே குறுகிவிடும்.

அறிகுறி: பாயிண்ட்டில் மட்டும் இறங்குகிறது

தடம் புரளும் கதைகளில் பெரும்பங்கு இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். பாயிண்ட்டில் எஞ்சின் இறங்க இரண்டு இடங்கள் உண்டு. நகரும் நாக்குகளின் முனை ஒன்று. இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் வி வடிவ ஃப்ராக் இன்னொன்று. எந்த இடம் என்று வீடியோவில் உறுதிப்படுத்துங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

நாக்கு முனையில், அதுவும் நாக்கை நோக்கி வரும்போது மட்டும் இறங்கினால், நாக்கு பக்கத்துத் தண்டவாளத்தோடு முழுதாக ஒட்டவில்லை என்று அர்த்தம். முன்போகி ஒரு வழியிலும் பின்போகி மறுவழியிலும் போய் எஞ்சின் குறுக்கே நிற்கிறதென்றால் சந்தேகமே வேண்டாம். நாக்கை மாற்றிவிட்டு டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள், நடுவில் வெளிச்சக்கீற்று தெரியக் கூடாது. தெரிந்தால் முதலில் நாக்கின் பின்பக்கத்தையும், நாக்குகளை இணைக்கும் பட்டையின் அடியையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். ஜல்லித் துணுக்கோ உலர்ந்த பசையோ அங்கேதான் ஒளிந்திருக்கும். சுத்தமாக இருந்தும் இடைவெளி இருந்தால் பாயிண்ட் மோட்டாரின் நகர்வு போதவில்லை. மோட்டாரை மயிரிழை நகர்த்திப் பொருத்துங்கள்.

நாக்கு நன்றாக ஒட்டியும் சக்கரம் ஏறுகிறதா? விரல் நகத்தைப் பக்கத்துத் தண்டவாளத்தின் உள்விளிம்பில் வைத்து நாக்கை நோக்கி இழுங்கள். நகம் எங்கும் மாட்டாமல் வழுக்கிப் போக வேண்டும். மாட்டினால் நாக்கின் முனை தடிமனாக இருக்கிறது. ஊசி அரத்தால் முனையைக் கத்தி அலகுபோல மெலிதாக்கி, மேல்மூலையைச் சற்றே தாழ்த்திவிடுங்கள். நான்கைந்து இழுப்புக்கு ஒருமுறை நகத்தால் சோதியுங்கள். அதிகம் ராவிவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

ஃப்ராக்கில் இறங்கும்போது கதை வேறு. அங்கே தண்டவாளத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது, அதைத் தாண்டும் நொடியில் சக்கரத்துக்கு வழிகாட்ட பக்கத்தில் எதுவும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் உள்ள செக் ரெயில், எதிர்ச் சக்கரத்தின் முதுகைப் பிடித்து அச்சு முழுவதையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் இரண்டு சக்கரங்களின் முதுகுகளுக்கு நடுவே உள்ள தூரம், அதாவது உள் இடைவெளி, பாயிண்ட்டில் இவ்வளவு முக்கியமாகிறது. எச்ஓவில் இது 14.4 மி.மீ.யை ஒட்டி இருக்க வேண்டும். கூடிப்போனால் செக் ரெயில் இழுத்தும் விளிம்பு ஃப்ராக்கின் மூக்கில் இடிக்கும். குறைந்துபோனால் இரண்டு சக்கரங்களும் ஃப்ராக்கின் பக்கத்தையும் செக் ரெயிலையும் கவ்விக்கொண்டு மேலே எழும்பும். மூக்கில் இடிக்கும் சத்தமும் கவ்வி எழும் அசைவும் வீடியோவில் தெளிவாகவே தெரியும்.

எஞ்சினின் இடைவெளி சரியாக இருந்து, பல எஞ்சின்கள் அதே மூக்கில் இடித்தால் செக் ரெயிலின் பள்ளம் அகலமாகிவிட்டது. கால் மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் பட்டையை, சக்கர முதுகு உரசும் அதன் முகத்தில் ஒட்டுங்கள். ஒட்டியபின் கேஜ் தகட்டால் சரிபாருங்கள். இத்தனை சின்ன வேலைக்கு இவ்வளவு பலன் தருவது இந்தப் பொழுதுபோக்கில் வேறு எதுவும் இல்லை என்பது என் அனுபவம்.

பழைய எஞ்சின்களின் சக்கர விளிம்பு ஆழமாக இருக்கும். அவை ஃப்ராக்கின் பள்ளத்தில் அடித்தளத்தைத் தொட்டு, விளிம்பின்மேலேயே ஏறி ஓடும். உயரம் குறைந்த தண்டவாளத்தில் ஸ்லீப்பர் பிடிகளையும் தட்டும். விளிம்பு ஆழம் குறைந்த, என்எம்ஆர்ஏவின் ஆர்பி-25 வடிவத்தில் உள்ள சக்கரங்களாக மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு.

அறிகுறி: வளைவில் மட்டும் இறங்குகிறது

முதல் கேள்வி: இந்த எஞ்சினுக்கு இந்த வளைவு போதுமா? பெட்டியில் குறைந்தபட்ச ஆரம் அச்சிட்டிருப்பார்கள். எச்ஓவில் 18 அங்குல ஆரம், அதாவது 457 மி.மீ., நான்கு அச்சு டீசலுக்குப் போதும். நீண்ட ஆறு அச்சு எஞ்சினையும் பெரிய நீராவி எஞ்சினையும் அதில் ஓட்டுவது அவற்றைக் கட்டாயப்படுத்துவதுதான். அச்சிட்ட ஆரத்தைவிட வளைவு இறுக்கமாக இருந்தால் மேற்கொண்டு எந்தச் சோதனையும் வேண்டாம்.

ஆரம் போதுமென்றால் எஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றிவிட்டு அடிச்சட்டத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். இப்போது இறங்கவில்லை என்றால் போகி கூட்டில் எங்கோ இடிக்கிறது. படிக்கட்டு, பிரேக் குழாய், நீங்கள் ஆசையாகப் பொருத்திய நுணுக்கப் பாகம் என எதுவாகவும் இருக்கலாம். போகியின் பக்கவாட்டில் மார்க்கர் மையைத் தடவி, கூட்டை மாட்டி ஓட்டுங்கள். மை எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. அதை மட்டும் ராவுங்கள்.

கூடில்லாமலும் இறங்கினால் வளைவில் உள்ள இணைப்புகளைப் பாருங்கள். விருப்பம்போல வளைக்கக்கூடிய ஃபிளெக்ஸ் தடத்தை வளைத்தபின் இணைத்தால் முனைகள் நிமிரப் பார்த்து இணைப்பில் கூன் விழும். இரண்டு நீளங்களையும் நேராக வைத்து ஜாயினரில் ஈயப்பற்று வைத்து, பிறகு ஒன்றாக வளைத்தால் அந்தக் கூன் வராது.

இடது வளைவு முடிந்த இடத்திலேயே வலது வளைவு தொடங்கும் எஸ் வடிவத் தடத்தில் இறங்கினால் நடுவில் நேர்த்தடம் வேண்டும். உங்களிடம் உள்ள மிக நீளமான வண்டியின் நீளமாவது இருக்கட்டும். இடமில்லை என்று இதில் சமரசம் செய்தால் காலம் முழுவதும் அந்த இடத்தில் கை வைத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

அறிகுறி: ஒரே எஞ்சின், எங்கு வேண்டுமானாலும் இறங்குகிறது

இப்போது எஞ்சினைத் தலைகீழாக நுரை மெத்தையில் படுக்கவைக்கலாம். எல்லா அச்சுகளின் உள் இடைவெளியையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அச்சையும் அரைச்சுற்று சுற்றி மறுபடி அளங்கள். இரண்டு அளவும் வேறுபட்டால் சக்கரம் கோணலாக இருக்கிறது.

ஓட்டும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக், டக்’ என்று சீரான சத்தம் வந்து, ஓர் அச்சின் இடைவெளி மட்டும் கூடியிருந்தால், அச்சின் நடுவில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் வெடித்திருக்கிறது. இரண்டு பாதி அச்சுகளையும் அதுதான் இறுக்கிப் பிடித்திருக்கும். அது பிளந்ததும் சக்கரங்கள் வெளியே நகர்கின்றன. பசை வேண்டாம், அந்த அசெட்டால் பிளாஸ்டிக்கில் பசை நிற்காது. பல்சக்கரத்தையே மாற்றுங்கள். ஒன்று வெடித்திருந்தால் அதே காலத்தில் செய்யப்பட்ட மற்றவையும் வெடிக்கும் கட்டத்தில் இருக்கலாம், எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதே மேல்.

டீசல் எஞ்சினின் சக்கரத்தை லேசாகத் திருகிக்கொண்டே இழுத்தால் இடைவெளியைச் சரிசெய்யலாம், இரண்டு பக்கமும் சம அளவில். நீராவி எஞ்சினின் பெரிய சக்கரங்களில் இதைச் செய்யவே கூடாது. அங்கே இடது, வலது சக்கரங்களின் தண்டுமுனைகள் ஒன்றுக்கொன்று 90 பாகை விலகி நிற்கின்றன. திருகினால் அந்தக் கோணம் கலைந்து, இணைப்புத் தண்டு இறுகி, எஞ்சின் நொண்ட ஆரம்பிக்கும். அதற்கென்று உள்ள புல்லர் கருவியால் நேராக மட்டும் இழுக்க வேண்டும்.

இடைவெளிகள் சரியென்றால் கண்ணாடிச் சோதனை. தடிமனான கண்ணாடித் துண்டின்மேல் எஞ்சினை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் மெல்லிய காகிதக் கீற்றைச் செருகி இழுங்கள். எது சிரமமில்லாமல் வருகிறதோ அந்தச் சக்கரம் பாரம் தாங்கவில்லை. டீசலில் இதற்குக் காரணம் பெரும்பாலும் இறுக்கமான போகி. ஒரு போகி முன்பின்னாக மட்டும் ஆடலாம், மற்றது பக்கவாட்டிலும் தாராளமாக ஆட வேண்டும். அப்போதுதான் எஞ்சின் முக்காலிபோல எந்தத் தரையிலும் அமரும். ரப்பர் வளையம் உள்ள சக்கரம் என்றால் வளையத்தைப் பாருங்கள். எண்ணெய் பட்டு ஊதியிருந்தாலோ, தவறான அளவில் மாட்டியிருந்தாலோ அந்தச் சக்கரம் பெரிதாகி, பக்கத்துச் சக்கரத்தைத் தூக்கிவிடும்.

அறிகுறி: நீராவி எஞ்சினின் முன்னால் உள்ள சின்னச் சக்கரம் மட்டும் இறங்குகிறது

அந்தச் சக்கரத்துக்கு எடை போதவில்லை. பெரும்பாலும் அவ்வளவுதான். மெல்லிய டங்ஸ்டன் துண்டை அதன் சட்டத்தில் ஒட்டுங்கள். ஸ்பிரிங் இருந்த இடம் காலியாக இருந்தால் மென்மையான புதிய ஸ்பிரிங் போடுங்கள். கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் அது எஞ்சினின் முன்பக்கத்தையே தூக்கி, பெரிய சக்கரங்களை இறங்கவைக்கும். சட்டம் இரண்டு பக்கமும் சிலிண்டரில் இடிக்காமல் ஆடுகிறதா என்பதையும் பாருங்கள்.

அறிகுறி: டிகோடர் பொருத்திய பிறகு ஆரம்பித்தது

டிகோடர் என்பது எஞ்சினுக்குள் வைக்கும் டிஜிட்டல் கட்டுப்பாட்டுச் சர்க்யூட். காரணம் அதிலிருந்து போகிக்குப் போகும் வயர்கள். போகியை விரலால் ஒரு பக்கம் திருப்பி விட்டால் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். வயர் அதைத் திரும்ப இழுத்தால் அதே இழுப்புதான் வளைவில் விளிம்பைத் தண்டவாளத்தின்மேல் ஏற்றுகிறது. சிலிக்கான் உறையுள்ள மெல்லிய வயராக மாற்றி, தாராளமாக ஒரு வளையம் விட்டுப் பொருத்துங்கள். நீராவி எஞ்சினின் பின்னால் வரும் நிலக்கரி வண்டியான டெண்டருக்குப் போகும் வயர்களுக்கும் இதுவே.

அறிகுறி: தனியாக ஓடுகிறது, பெட்டிகளை மாட்டினால் இறங்குகிறது

வண்டிகளை இணைக்கும் கொக்கியான கப்ளரின் உயரத்தையும் பக்கவாட்டு அசைவையும் பாருங்கள். காந்தத்தால் கழலும் கப்ளர்களில் கீழே தொங்கும் கம்பி தண்டவாளத் தலையிலிருந்து 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நிற்க வேண்டும். இன்னும் தாழ்ந்தால் பாயிண்ட்டில் மாட்டும்.

தள்ளும்போது மட்டும் இறங்கினால் எஞ்சினை அடுத்த பெட்டி இலேசானதா என்று எடை போடுங்கள். என்எம்ஆர்ஏவின் பரிந்துரைப்படி எச்ஓ பெட்டிக்கு 1 அவுன்ஸ், அதோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். 6 அங்குலப் பெட்டி என்றால் 4 அவுன்ஸ், சுமார் 113 கிராம். வளைவில் பெட்டிகள் உள்பக்கம் சாய்ந்து விழுவதற்கும் காரணம் இதே எடைக்குறைவுதான். இலேசான பெட்டி எஞ்சினுக்கு அடுத்து வரக் கூடாது, கடைசிக்குத் தள்ளுங்கள்.

அறிகுறி: நேற்றுவரை ஓடியது, இன்று இறங்குகிறது

எஞ்சினைத் தொடாதீர்கள், அது ஒரே இரவில் மாறாது. மரப்பலகை ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். 1 மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி வெப்பம் ஏறினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு மி.மீ. நீளும். எல்லா இணைப்புகளையும் இடைவெளியின்றி ஈயம் வைத்து ஒட்டியிருந்தால் அந்த நீளம் போக இடமில்லாமல் தண்டவாளம் பக்கவாட்டில் நெளியும். கன்னத்தைப் பலகையில் வைத்து, ஒரு கண்ணை மூடி, தடத்தின் நீளவாக்கில் பாருங்கள். நெளிவு பாம்புபோலத் தெரியும். அந்த இடத்தில் ஓர் இணைப்பின் ஈயத்தை உருக்கி எடுத்து, முனையில் அரை மி.மீ. ராவி, ஜாயினரை மட்டும் மாட்டிவிடுங்கள். கரன்ட் போவதற்குத் தனி வயர் ஒன்றை இரண்டு பக்கமும் பற்றவையுங்கள்.